கல்லச்சு ஓவியர் தோமியே



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது எந்த மகானுடைய சரித்திரமுமல்ல. ஜன்னலுக்குக் கண்ணாடி போடும் ஒரு பிரஞ்சுத் தொழிலாளியின் மகன் கதைதான். ஆனோரே தோமியே என்பது பெயர். 1808-ல் மார்சேல் பட்டணத்தில் பிறந்தார். தகப்பனாருக்குக் கவி பாடும் பைத்தியம். அதற்காகத் தொழிலை விட்டுப் பாரிஸுக்குப் போனார். குடும்பமும் பின்னாலேயே போயிற்று. கவி சோறு போடுமா? பையன் கோர்ட்டு அமீனாவிடம் எடுபிடியாகவும், பிறகு புத்தகக் கடையிலும் வேலை பார்க்க நேர்ந்தது. பிற்காலத்தில் வக்கீல்களின் வண்டவாளத்தை அவ்வளவு நன்றாய்ப் படம் போட்டதற்கு அந்த அமீனா வீடே பள்ளிக்கூடமென்பது நமது எண்ணம்.

அப்புறம் கல்லச்சு கற்றார். இதில் மந்திரமொன்றுமில்லை. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லின்மேல் கொழுப்புக் கலந்த மைக்கட்டியால் எழுதி, கல்லை நனைத்து, மை தடவினால், எழுதிய இடத்தில் மாத்திரம் மை ஒட்டும். ஈரமான இடத்தில் ஒட்டாது. காகிதத்தை வைத்து அழுத்தினால் படம் தயார். ஆயிரக்கணக்கில் அடிக்கலாம், விலையும் சல்லிசு. எழுத்து வாசனையற்றவனுக்கும் விளங்கும். அரசாங்கம் பயந்ததும் இதனால்தான்.

1831-ல் லூயி பிலிப் அரசரை ஒரு பெருந்தீனிப் பூதமாக வரைந்தார். ஏழைகள் கூடை கூடையாய்க் கொண்டுவரும் காசு அரசர் வாய்க்குள் போகிறது. ஆசனத்தின் கீழே பட்டமும் பதவியுமாய் வெளிவருகிறது, பொறுக்கிக்கொள்ளப் பெரிய மனிதர்கள் காத்திருக்கிறார்கள். ஆறு மாத ஜெயில், 500 பிராங்கு அபராதம் விதித்தார்கள். 1832 ஆகஸ்டில் அவரைப் பிடித்துப் போனது பெற்றோரின் கண்ணெதிரே. அவர்களோ மகனுடைய சம்பாத்தியத்தையே நம்பியிருந்தவர்கள்.

வெளியே வந்தவர் அடங்கினாரா? 1834 ஏப்ரலில் பாரிஸில் திரான்ஸ்னொனேன் தெருவில் சிப்பாய்கள் ஒரு வீட்டுக்குள் புகுந்து குடியிருந்தவர்களைக் கொன்றார்கள். தோமியே எழுதினார்: கட்டிலருகே உள்சட்டையோடு செத்துக் கிடக்கும் ஒருவன், அவன் உடம்புக்கடியில் ஒரு குழந்தை. கேலி ஒரு துளிகூட இல்லை. போலீசார் கல்லையும் படங்களையும் பறித்தார்கள். 1835-ல், முன் அனுமதியின்றிப் படமே போடக்கூடாதென்று சட்டமும் வந்தது. பிறகு வீட்டுக்காரர்களையும் வக்கீல்களையும் பரிகசித்தே பிழைத்தார்.

1846-ல் ஒரு தையல்காரப் பெண்ணை மணந்தார். சுமார் நாலாயிரம் கல்லச்சுப் படங்கள் எழுதியும் கடன் தீரவில்லை. ஆனாலும் 1870-ல் அரசாங்கம் கொடுக்க வந்த கௌரவப் பதக்கத்தை வேண்டாமென்றார். கோரோ என்ற ஓவியரின் உதவியால் வால்மொந்துவா கிராமத்தில் ஒதுங்க ஒரு வீடு இருந்தது. கண் பார்வை மங்கிவிட்டது. 1878-ல் நண்பர்கள் பாரிஸில் அவர் படங்களைக் காட்சிக்கு வைத்தார்கள். வசூல் செலவுக்கே போதவில்லை. மறு வருஷம் பிப்ரவரியில் இறந்துபோனார்.