பதினாறணா வெள்ளாமை



நான் பள்ளியில் படித்த நாளில் எங்கள் ஊரில் ஒரு வறட்சி. நிவாரணக் கணக்கெடுக்க வந்த அலுவலர் மந்தையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "கிழக்குக் குட்டை எந்த மாசம் வத்துச்சு?" என்று கேட்டார். என் அப்பா ஆவணி என்றார். பெரியப்பா, ஆடியிலேயே வற்றிவிட்டது என்றார். ஆடு மேய்க்கும் தாத்தா, புரட்டாசி வரைக்கும் அங்கேதான் தண்ணி காட்டினேன் என்று சாதித்தார். ஒருவரும் பொய் சொல்லவில்லை. எழுதி வைத்தவர்தான் இல்லை. அலுவலர் தமக்குத் தோன்றிய மாதத்தைக் குறித்துக்கொண்டு போனார்.

வயலையும் மாட்டையும் பார்த்து, பார்த்ததைக் கூலியில்லாமல் எழுதி அனுப்பிய அமெரிக்க விவசாயிகளைப் பற்றி இன்று நான் பேச வந்ததற்கு அந்தக் குட்டைதான் காரணம்.

1862. அங்கே உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த சமயம். 'அமெரிக்கன் அக்ரிகல்சுரிஸ்ட்' இதழின் ஆசிரியர் ஆரஞ்ச் ஜட், உங்கள் பக்கத்தில் பயிர் எப்படி இருக்கிறது என்று மாதந்தோறும் எழுதுங்கள் எனத் தம் சந்தாதாரர்களைக் கேட்டார். வந்ததைத் தொகுத்து அச்சிட்டார். அதே ஆண்டு மே மாதம்தான் லிங்கன் வேளாண்மைத் துறையை உருவாக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1863 ஜூலையில் துறையே பயிர் அறிக்கை வெளியிட்டது. செய்தி அனுப்பியவர்களுக்குத் துறையின் வெளியீடுகளும் விதைப் பொட்டலங்களும் வந்தன, பணம் வரவில்லை.

பிறகு ஏன் எழுதினார்கள்? எந்தச் சீமையில் கோதுமை காய்ந்தது, எங்கே பருத்தி செழித்தது என்று பெருவியாபாரிக்குத் தன் ஆட்கள் மூலம் தெரிந்துவிடும். விவசாயிக்குத் தன் வரப்பு வரைக்கும்தான் தெரியும். விலை பேசும்போது அவன் கண்ணைக் கட்டிக்கொண்டு நின்றான். ஆளுக்கொரு வயலைச் சொன்னால் எல்லாருக்கும் நாடு தெரியும் என்பதுதான் கணக்கு.

அந்தச் சேதிக்கு எவ்வளவு விலை இருந்தது என்பது 1905இல் வெளிப்பட்டது. துறையின் புள்ளியியல் அதிகாரி ஒருவர் பருத்தி மதிப்பீட்டை அறிக்கை வெளியாகும் முன்பே ஊக வணிகர்களுக்குக் கசியவிட்டார். சன்னல் திரையை ஏற்றி இறக்கி வெளியே நின்றவருக்குச் சைகை காட்டினாராம். அதன்பின் மதிப்பீட்டைச் சரிபார்க்கத் தனிக் குழு அமைந்தது. அறிக்கை தயாராகும் அறையைப் பூட்டி வைத்தார்கள். 1909இல் கசியவிடுவது சட்டப்படி குற்றமாயிற்று. ஊதியமில்லாமல் எழுதிய ஆயிரமாயிரம் பேரின் நம்பிக்கையை ஒரு திரைச்சீலை விற்றுவிட்டதே என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் நெஞ்சு வலிக்கிறது.

நான் அதிகம் யோசித்தது இன்னொன்றைப் பற்றி. பயிரின் நிலையை எப்படிச் சொல்வது? இயல்பான பயிரை நூறு என்று வைத்து, இப்போதிருப்பது அதில் எத்தனை என்று எழுதச் சொன்னார்கள். நம் தாத்தாக்கள் இதையே அணாவில் சொன்னார்கள். பதினாறணா வெள்ளாமை என்றால் முழு விளைச்சல். எட்டணா என்றால் பாதி. ஆனால் அந்த முழுமை எங்கே இருக்கிறது? பார்ப்பவர் நினைவில்தான். போன ஆண்டு பஞ்சம் என்றால், இந்த ஆண்டின் சுமாரான கதிரும் பதினாறணாவாகத் தெரியும். விவசாயிகள் விளைச்சலைக் குறைத்தே சொல்லும் வழக்கம் உண்டு என்பதும் அங்கே தெரிந்திருந்தது. பின்னாளில் நிலத்தைத் துண்டுகளாகப் பிரித்து மாதிரி எடுத்து அளக்கும் முறை வந்தது. ஆனாலும் கண்ணால் பார்த்துச் சொல்வதை அவர்கள் விடவில்லை. பயிர்க்காலத்தில் வாராவாரம் ஏறத்தாழ 3,600 பேர், பெரும்பாலும் உள்ளூர் வேளாண் விரிவாக்கப் பணியாளர்கள், தங்கள் வட்டாரப் பயிரையும் மேய்ச்சலையும் மிக மோசம் முதல் மிக நன்று வரை ஐந்து படிகளில் மதிப்பிடுகிறார்கள்.

தன்னார்வலர்களே பார்த்து எழுதி அனுப்பும் ஏற்பாடு இன்னொன்றும் அங்கே உண்டு. 1997 ஜூலையில் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸ் நகரைப் பெருமழை மூழ்கடித்தது. ஊரின் ஒரு பக்கம் கொட்டிய மழை மறுபக்கத்துக்காரருக்குத் தெரியவில்லை. மறு ஆண்டு நோலன் டோஸ்கன் என்ற வானிலையாளர் வீட்டுக்கு வீடு மழைமானி வைக்கச் சொல்லி ஓர் அமைப்பைத் தொடங்கினார். கோகோராஸ் என்பது அதன் சுருக்கப் பெயர். இன்று அதன் தன்னார்வலர்கள் மழையோடு நிலத்தையும் எழுதுகிறார்கள்: நண்பகலில் மக்காச்சோள இலை சுருள்கிறதா, புல் எவ்வளவு உயரம், குட்டைச் சேற்றில் மாட்டின் கால் புதைகிறதா, தீவனம் போதாமல் கன்றுகளை முன்னதாகவே விற்கிறார்களா. கடும் வறட்சி முதல் கடும் ஈரம் வரை ஏழு படிகள்; நடுப்படி, இயல்பு. அமெரிக்காவின் வறட்சி வரைபடத்தைத் தயாரிப்பவர்கள் இந்த அறிக்கைகளையும் பார்க்கிறார்கள். மேய்ச்சல் இழந்த மாட்டுக்காரருக்கு உதவித்தொகை உண்டா என்பது அந்த வரைபடத்தைப் பொறுத்தது.

அந்த அமைப்பு தன்னார்வலர்களிடம் விடாமல் வலியுறுத்துவது ஒன்று. மழை பெய்யாத நாளில் சுழியம் என்று அனுப்புங்கள். எல்லாம் நன்றாக இருக்கும் வாரத்திலும் எழுதுங்கள். காய்ந்தபின் மட்டும் எழுதுபவரின் நூறு எது என்று யாருக்கும் தெரியாது.

அந்த வறட்சிக்குப் பிறகு என் அப்பா நாட்காட்டித் தாளைக் கிழித்ததும் அதன் பின்புறத்தில் எழுதத் தொடங்கினார். தாள்களை நூலில் கோத்து வைத்திருந்தார். "குட்டை இடுப்பளவு. செவலை காலையில் ரெண்டு படி." "கடலை பூ விட்டிருக்கு." பெரும்பாலான தாள்களில் ஒரு வரிதான்: "மாடு, பயிர் வழக்கம்போல."