எத்தனை தடவை சொல்லணும்?

(கிள்ளையில் இயக்கத் தோழர்களும் மாணவர்களும் கூடிய பயிற்சி முகாமில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் டாக்டர் இல்லை. கவிதை எழுதுகிறவன், வங்கியில் குமாஸ்தா. ஒரு தப்பை ஒப்புக்கொண்டுதான் பேச்சைத் தொடங்கணும்.

சில வருஷங்களுக்கு முன்னால், தாக்கப்பட்ட ஒரு சேரிக்கு உண்மை அறியும் குழுவோடு போனேன். குறிப்பெடுப்பது என் வேலை. அடிபட்ட அம்மா ஒருவர், போலீசிடம் சொல்லி, தாசில்தாரிடம் சொல்லி, பத்திரிகைக்காரர்களிடம் சொல்லி, கடைசியாக எங்களிடம் சொன்னார். பாதியில் கை நடுங்கியது, குரல் அடைத்தது. நான் பேனாவைப் பிடித்தபடி "அப்புறம்?" என்றேன். "எத்தனை தடவைப்பா சொல்லணும்?" என்றார். அறிக்கை முடிந்தது, கடைசி பஸ்ஸைப் பிடித்துவிட்டோம். அந்த ராத்திரி அவர் தூங்கினாரா? எங்கள் அறிக்கையில் அது இல்லை.

கொட்டிவிட்டால் பாரம் குறையும் என்று நம்புகிறோம். எல்லாருக்கும் எப்போதும் அது சரியில்லை. பேரழிவில் சிக்கியவர்களுக்கான முதல் உளவியல் உதவி பற்றி உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட கையேடு, நடந்ததைச் சொல்லச் சொல்லி யாரையும் வற்புறுத்தக் கூடாது என்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் எழுதிய நூல், மனக்காயம் ஆறுவதை மூன்று கட்டமாகப் பிரிக்கிறது: முதலில் பாதுகாப்பு, பிறகு நினைவுகூர்ந்து துக்கம் கழிப்பது, அதன்பின் மனிதர்களோடு மறுபடி சேர்வது. நாம் முதல் கட்டத்தைத் தாண்டிக் குதித்து இரண்டாவதில் போய் விழுகிறோம்.

இது கிள்ளைக்குத் தெரிந்த விஷயம். 2004 டிசம்பர் 26இல் எம்.ஜி.ஆர். திட்டு, சின்னவாய்க்கால், பில்லுமேடு எல்லாவற்றையும் கடல் வாரிக்கொண்டு போனது. நிவாரணத்தில் தலித்துகளும், உப்பங்கழியில் கையால் இறால் தடவிப் பிழைக்கிற இருளர்களும் ஒதுக்கப்பட்டார்கள். அரிசிக்கும் கீற்றுக்கும் வரிசையில் நின்று விரட்டப்பட்டவரிடம் மனசைத் திற என்றால் எப்படித் திறப்பார்? சோறும் கூரையும் மரியாதையும்தான் அங்கே முதல் சிகிச்சை. பெங்களூர் நிம்ஹான்ஸ் அப்போது உள்ளூர் ஆட்களையே துணையாளர்களாகப் பயிற்றுவித்தது. காரணம் எளிது. வந்தவர் போய்விடுவார், ஊர்க்காரர் இருப்பார்.

கடல் திரும்பிப் போய்விட்டது. சாதி போகவில்லை. அடித்தவன் ஜாமீனில் வந்து அதே தெரு டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறான். அவனைத் தாண்டித்தான் அந்த அம்மா தண்ணீர் எடுக்கப் போகணும். மூச்சை இழுத்து விடும்மா என்று சொன்னால் பயம் போகுமா? அந்தப் பயம் நோய் இல்லை, நிஜம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தம் சேர்த்த 15-அ பிரிவு, பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பாதுகாப்பு தருவது அரசின் கடமை என்கிறது. அந்தப் பாதுகாப்பு கேட்டு மனு எழுதுவதையும் நான் சிகிச்சையில்தான் சேர்ப்பேன்.

அதன்பின் பேச்சு. எதைச் சொல்வது, எங்கே நிறுத்துவது என்பது அவர் கையில் இருக்கட்டும். கையைத் தூக்கினால் நிறுத்திவிடணும். பத்து வருஷ வலியை ஒரு மணி நேரத்தில் தோண்டாதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாக. அவர் பழைய இடத்துக்கே போய் உறைந்துவிட்டால், கால் தரையில் படுவதை உணரச் சொல்லுங்கள், சுற்றி என்ன தெரியுது என்று கேளுங்கள், தண்ணீர் கொடுங்கள். நிகழ்காலத்துக்குத் திரும்பிய பிறகே எழுந்திருங்கள். ராத்திரி துணைக்கு யார் என்று கேட்காமல் பஸ் ஏறாதீர்கள். தூக்கமே இல்லை, செத்துப்போகலாம் போலிருக்கு என்றால் மனநல மருத்துவரிடம் கூடவே போங்கள்.

கோர்ட்டில் சொல்லித்தானே ஆகணும் என்பீர்கள். ஆமாம். எங்கே நிற்கணும், யார் கேள்வி கேட்பார்கள் என்று முன்னாடியே விளக்கி, பக்கத்தில் நில்லுங்கள். நம் அறிக்கைக்கோ ஒருவர் கேட்டு எழுதினால் போதும். மற்ற குழுக்கள், அவர் சம்மதித்தால், அதை வாங்கிப் படிக்கட்டும்.

எத்தனை தடவை என்று அந்த அம்மா கேட்டார். இன்றைக்குச் சொல்கிறேன்: நமக்கு ஒரே தடவை. அதுவும் அவர் விரும்பினால்.