பாலத்தைத் தள்ளுற காத்து

நெய்வேலி டவுன்ஷிப்பில் இருந்து பேசுறேன். ரயில் பாலங்களைப் பற்றிப் பேசலாம்னு சொல்லியிருந்தேன் இல்லையா? இன்னைக்கு அதுல ஒரே ஒரு விஷயம்: காத்து.

காத்துன்னா என்னன்னு நமக்குப் புதுசா யாரும் சொல்ல வேண்டாம். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் அடிச்சப்போ டவுன்ஷிப் மரங்களும் பண்ருட்டிப் பக்கத்துப் பலா, முந்திரியும் வேரோடு சாய்ஞ்சதைப் பார்த்தவங்க நாம. அந்தக் காத்து ஒரு ரயில் மேல அடிச்சா?

பாலம்னதும் மேலிருந்து அழுத்துற எடைதான் நினைவுக்கு வரும். ஆனா காத்து பக்கவாட்டில் தள்ளுது. பெட்டிகளோட ஒரு ரயில் பாலத்தில் ஏறினா, அது காத்துக்கு எதிரே நிற்கிற நீளமான சுவர் மாதிரி. அந்தத் தள்ளலைத் தூண்கள்தான் தாங்கணும்.

இதை உலகம் பெரிய விலை கொடுத்துத்தான் கத்துக்கிச்சு. ஸ்காட்லாந்தில் டண்டீ நகரத்துக்குப் பக்கத்தில் டே ஆற்றுப் பாலம். 1878இல் திறந்தாங்க. கட்டின தாமஸ் பௌச்சுக்கு மறுவருஷம் சர் பட்டமும் கிடைச்சுது. அதே 1879, டிசம்பர் 28 இரவு, புயலில் பாலத்தின் நடுப்பகுதி ரயிலோட ஆற்றில் விழுந்தது. ரயிலில் இருந்த ஒருத்தரும் பிழைக்கலை. காத்தின் அழுத்தத்தை பௌச் கணக்கிலேயே சேர்க்கலைன்னு விசாரணையில் தெரிஞ்சுது. அதன்பிறகு 1890இல் திறந்த ஃபோர்த் பாலத்தை, சதுர அடிக்கு 56 பவுண்டு, அதாவது சுமார் 25 கிலோ காத்தழுத்தம் தாங்கற மாதிரி கட்டினாங்க.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். 1914இல் திறந்த பாம்பன் பாலம். கப்பல் போக நடுவில் இரண்டாகத் திறக்கிற ஷெர்சர் தூக்குப் பாலம். அரை நூற்றாண்டு நின்னுச்சு. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் புயல் வந்தது. பாம்பனில் இருந்து கிளம்பிய பாசஞ்சர் ரயில், தனுஷ்கோடியை நெருங்கும்போது கடல் அலையில் சிக்கியது. நூறு பேருக்கு மேல் போயிட்டாங்க. பாலத்திலும் 126 கர்டர்கள் கடலுக்குள் போச்சு. தூக்குப் பாலம் தப்பிச்சது. அதைச் சரிசெய்யும் பொறுப்பு ஒரு இளம் பொறியாளருக்கு வந்தது. கடலில் கிடந்த கர்டர்களையே தேடி எடுத்து, 46 நாளில் முடிச்சார். பின்னாளில் மெட்ரோ மனிதர்னு பேர் வாங்கிய இ. ஸ்ரீதரன்தான் அவர்.

பாலம் திரும்ப வந்துச்சு. ஆனா போன உயிர்கள்?

அதனால்தான் பாம்பனில் காத்தை அளக்கிற கருவி இருக்கு. வேகம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினா சிக்னல் சிவப்பாகிடும். டிரைவர் கெஞ்சினாலும், பெட்டிக்குள்ள நாம திட்டினாலும் ரயில் நகராது.

பழைய பாலத்தில் 2022 டிசம்பரோட ரயில் நின்னுடுச்சு. 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்தாச்சு. அதன் தூக்குப் பகுதி நேரா மேல எழும்பும். ரீல்ஸ்ல பார்த்திருப்பீங்க. ஆனா எனக்குப் பெருசாத் தெரியறது அந்தச் சிவப்பு விளக்குதான். கம்பியும் கான்கிரீட்டும் எவ்வளவு பலமா இருந்தாலும், எப்போ நிக்கணும்னு தெரிஞ்ச பாலம்தான் நல்ல பாலம். ராமேஸ்வரம் போகும்போது மண்டபத்தில் ரயில் நின்னுட்டா, கொஞ்சம் பொறுமையா இருங்க. அந்தக் காத்திருப்புக்கு நமக்கு முன்னாடியே சிலர் உயிரைக் கொடுத்திருக்காங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.