பந்தல்கால் யார் பணத்தில்?

(மாற்று ஊடக மாநாட்டுக்காக இலுப்பூரில் கூடிய ஆயத்தக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எனக்கு முன்னால் பேசிய நண்பர்கள் இரண்டு யோசனை சொன்னார்கள். மாநாட்டைச் சென்னையில் வைத்தால் என்ன, ஊடகமெல்லாம் அங்கேதானே இருக்கிறது என்றார் ஒருவர். செலவு கையை மீறும், வசதியான நாலு பேரிடம் நன்கொடை வாங்கி மேடைத் தட்டியில் பெயரைப் போட்டுவிடலாம் என்றார் இன்னொருவர். இருவரும் இந்த வேலைக்காக அலைந்தவர்கள், எனக்கு வேண்டியவர்கள். ஆனாலும் இரண்டு யோசனையையும் இந்த மேடையிலேயே எதிர்க்கிறேன்.

பணத்திலிருந்து தொடங்குகிறேன். தாலுகாவில் செய்தி சேகரிக்கிற ஒரு தம்பியை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம், பத்திரிகையின் பெயரும் வேண்டாம். மாதச் சம்பளம் கிடையாது. அச்சில் வந்த செய்திக்கு இவ்வளவு என்று ஒரு தொகை. வண்டிக்குப் பெட்ரோல் போட அது காணாது. அவன் வீட்டில் அடுப்பெரிவது விளம்பரக் கமிஷனில். தீபாவளி வந்தால், பொங்கல் வந்தால், இத்தனை பக்கம் பிடித்துத் தா என்று மேலிடத்திலிருந்து போன் வரும். யாரிடம் போவான்? நூறுநாள் வேலைக்குப் போகிற உங்களிடமா வருவான்? குவாரிக்காரரிடம் போவான், கிரஷர் முதலாளியிடம் போவான். ஐப்பசியில் அவரிடம் வாங்கியவன், அவர் வைத்த வெடியில் ஒரு வீட்டுச் சுவர் விரிசல் விட்டதைக் கார்த்திகையில் எழுதுவானா? அந்தத் தம்பியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவன் கையைக் கட்டியிருக்கிற கயிறு எது என்று மட்டும் காட்டுகிறேன்.

அந்தக் கயிற்றையா நம் பந்தல்காலில் சுற்றச் சொல்கிறீர்கள்?

இதே புதுக்கோட்டை மாவட்டத்தில், திருமயம் பக்கத்தில், சட்டவிரோதக் குவாரிகளைப் பற்றி மனு மேல் மனுவாகக் கொடுத்துவந்தார் ஜகபர் அலி. 2025 ஜனவரி 17ஆம் தேதி லாரி ஏற்றிக் கொல்லப்பட்டார். அவர் பத்திரிகைக்காரர் இல்லை. எந்த இடத்தில் எவ்வளவு தோண்டியிருக்கிறார்கள் என்று கேட்டு எழுதுவது ஊடகத்தின் வேலை. அது செய்யாமல் விட்ட வேலையை ஒரு தனி மனிதர் தோளில் தூக்கிக்கொண்டார். ஊடகம் விலகி நின்றதால் அவர் தனியாக நின்றார். தனியாக நின்றவரை அடிப்பது சுலபம். அவர் ரத்தம் சிந்திய மண்ணில் கல் விற்ற காசை வாங்கி ஊடக மாநாடு நடத்த என்னால் முடியாது.

காசு இல்லாமல் பத்திரிகை நடக்குமா என்று கேட்கலாம். 1907 ஜூன் 19, சென்னை ராயப்பேட்டை. அயோத்திதாசப் பண்டிதர் ஒரு வார இதழ் தொடங்கினார். விலை காலணா. அந்த விலையையே பெயராக வைத்தார்: 'ஒரு பைசாத் தமிழன்'. கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கிய தொழிலாளிகள் வாங்கிப் படித்தார்கள். 1914இல் பண்டிதர் மறைந்தார். அவர் எழுத்தை நூல்களாக அச்சிட்டுக் காத்ததும் அந்தத் தங்கவயல்தான். வாசகன் காசில் நடந்த பத்திரிகையை, ஆசிரியர் போன பிறகும் வாசகன் கைவிடவில்லை.

அடுத்து, ஊர். 'குடிஅரசு' 1925இல் எங்கே பிறந்தது? ஈரோட்டில். 1933இல் ஒரு தலையங்கத்துக்காகப் பெரியார் மீது ராஜத்துரோக வழக்கு. வெளியீட்டாளராக இருந்த அவர் தங்கை கண்ணம்மாள் மீதும் வழக்கு. 'குடிஅரசு' நின்றது, 'புரட்சி' வந்தது. அதற்கும் இடைஞ்சல் வந்தபோது 'பகுத்தறிவு' வந்தது. நம் புதுக்கோட்டையும் சளைத்த ஊர் இல்லை. 1947இல் முருகு சுப்பிரமணியன் 'பொன்னி'யைத் தொடங்கியது இங்கிருந்து. பாரதிதாசன் பரம்பரை என்று ஒரு கவிஞர் வரிசையையே அது நாட்டுக்குக் காட்டியது. இப்படிப்பட்ட பழைய இதழ்களையும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட நூல்களையும் பா. கிருஷ்ணமூர்த்தியும் டோரதி அம்மாவும் சொந்தப் பணத்தைப் போட்டுச் சேர்த்து, 'ஞானாலயா' என்று புதுக்கோட்டையில் வைத்திருக்கிறார்கள். மாநாட்டுக்கு வருகிறவர்களை முதல் நாள் காலையில் அங்கே அழைத்துப் போக வேண்டும் என்பது என் ஆசை.

வடக்கே பாருங்கள். உத்தரப்பிரதேசத்துச் சித்ரகூடத்தில் 2002இல் தலித் பெண்கள் சேர்ந்து 'கபர் லஹரியா' தொடங்கினார்கள், தங்கள் வட்டாரப் பேச்சுமொழியில். தெலங்கானாவில் ஜஹீராபாத் பக்கம் மாச்சனூர் என்ற கிராமத்தில் 2008 முதல் 'சங்கம் ரேடியோ'வைத் தலித் பெண்களே நடத்துகிறார்கள். ஆனால் ஒன்று கவனியுங்கள்: சமுதாய வானொலி தன் ஊர்ச் செய்தியைத் தானே சேகரித்துச் சொல்ல இந்த நாட்டு விதியில் அனுமதி இல்லை, அகில இந்திய வானொலியின் செய்தியைத்தான் எடுத்து ஒலிபரப்பலாம். விதை பற்றிப் பேசலாம், தாலாட்டுப் பாடலாம், அதே தெருவில் நடந்ததைத் தானே கேட்டறிந்து செய்தியாக வாசிக்கக் கூடாது! இதை மாற்றச் சொல்லி நம் மாநாடு தீர்மானம் போடவேண்டும்.

போன் இருக்கிறதே, யூடியூப் இருக்கிறதே என்று இளைஞர்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. அதை மட்டும் நம்ப முடியாது, ஏன் என்று சொல்கிறேன். 1987இல் ஓர் அட்டைப்பட நகைச்சுவைக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் கொடுத்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் விட்டார்கள். ஆசிரியர் சிறைக்குள் இருந்தபோதும் அச்சடித்த இதழ் வீட்டுத் திண்ணையில் கிடந்தது. 2025 பிப்ரவரியில் பிரதமரைப் பற்றிய ஒரு கேலிச்சித்திரம். யாரையும் சிறையில் வைக்கவில்லை, விகடன் இணையதளத்தையே முடக்கினார்கள். அந்தப் படத்தை எடுத்தால் தளத்தைத் திறக்கலாம் என்று மார்ச்சில்தான் உயர்நீதிமன்றம் சொன்னது. 2018 மே 22, தூத்துக்குடியில் போராடிய மக்களைப் போலீசார் சுட்டார்கள். அந்தத் துப்பாக்கிச் சூட்டில் மொத்தம் 13 பேர் இறந்தார்கள். சுட்ட மறுநாளே மூன்று மாவட்டங்களில் இணையத்தை நிறுத்தினார்கள். சுட்ட செய்தியைச் சொல்ல வேண்டிய நேரத்தில் உங்கள் போன் வெறும் விளக்கு! அதனால் சொல்கிறேன், மாநாட்டில் ஒரு நாள் முழுக்க அச்சுக்கு ஒதுக்குங்கள். ஒற்றைத்தாள் எப்படி அடிப்பது, தெருமுனைக் கரும்பலகையில் எப்படி எழுதுவது, தகவல் உரிமை மனுவை எப்படிப் போடுவது என்று சொல்லிக்கொடுங்கள்.

இனி, எனக்கு வலிக்கிற விஷயம். நம் அன்னவாசல் ஒன்றியத்து வேங்கைவயல். 2022 டிசம்பரில் தலித் மக்கள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். அன்றைக்கு அந்தச் சின்னத் தெருவில் எத்தனை மைக்! 2025 ஜனவரியில் அந்தத் தெருவைச் சேர்ந்த மூன்று பேர் மீதே சி.பி.சி.ஐ.டி. குற்றப்பத்திரிகை போட்டது. நாங்கள் ஏற்க மாட்டோம் என்று மக்கள் உட்கார்ந்தார்கள். இடைப்பட்ட இரண்டு ஆண்டில் விசாரணைக்கு அழைத்து அழைத்து அந்தக் குடும்பங்கள் எத்தனை நாள் கூலியை இழந்தன, அந்தப் பிள்ளைகள் பள்ளியில் என்ன பேச்சுக் கேட்டார்கள், இதை நாள்தோறும் எழுத அங்கே ஓர் ஆள் இல்லை. பெரிய ஊடகத்தைச் சொல்லவில்லை. மாற்று ஊடகம் என்று மார்தட்டுகிற நம்மைச் சொல்கிறேன். நாமும் ஒரு நாள் போனோம், படம் எடுத்தோம், திரும்பிவிட்டோம்.

சென்னையில் மாநாடு வைத்தால் அந்தத் தெருவைப் பற்றி நாலு பேர் கட்டுரை வாசிப்பார்கள். இலுப்பூரில் வைத்தால் அந்தத் தெருக்காரர்கள் முதல் வரிசையில் உட்கார்ந்து, "நீங்கள் எழுதியது தப்பு" என்று எழுந்து சொல்வார்கள். அதற்குத்தான் ஊரை மாற்றாதீர்கள் என்கிறேன். காலை அமர்வில் ஒலிவாங்கி பத்திரிகைக்காரர் கையில் இருக்கவே கூடாது. எழுதப்பட்டவர்கள் பேசட்டும், எழுதியவர்கள் கேட்கட்டும்.

நம் பெண்கள் பேசுவார்களா என்று சந்தேகப்படாதீர்கள். 1991இல் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் இந்த மாவட்டத்துக்கு வந்தது. ஷீலாராணி சுங்கத் ஆட்சியர். குவாரியில் கல் உடைத்த பெண்கள் எழுத்தும் கற்றார்கள், சைக்கிளும் கற்றார்கள். 1992 மகளிர் தினத்தில் 1,500க்கு மேற்பட்ட பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டிக்கொண்டு புதுக்கோட்டைத் தெருக்களில் சைக்கிளில் போனார்கள். அதை உலகத்துக்கு எழுதியவர் பி. சாய்நாத். அன்று கற்ற எழுத்தைக் கையெழுத்தோடு நிறுத்தியது அந்தப் பெண்கள் செய்த தப்பு இல்லை. எழுதுங்கள், அச்சிடுகிறோம் என்று நாம் யாரும் போய்க் கேட்கவில்லை.

செலவுக்கு என் கணக்கு இது. வீட்டுக்கு ஒரு படி அரிசி, முடிந்தவர் பத்து ரூபாய். வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு என்று வாராவாரம் இந்தப் பேருந்து நிறுத்தத்துக் கரும்பலகையில் எழுதுவோம். குறைந்தால் மூன்று நாள் மாநாட்டை ஒரு நாளாக்குவோம். பந்தல் இல்லையென்றால் புளியமரத்தடி இருக்கிறது.

நன்கொடை நோட்டு முன்வரிசைக்கு வந்துவிட்டது. அறிவொளியில் கையெழுத்துக் கற்றேன் என்று வரும்போது என்னிடம் சொன்ன அம்மா அங்கே உட்கார்ந்திருக்கிறார். பேனாவை முதலில் அவரிடம் கொடுங்கள்.