புலவருக்குச் சோறு போட்டவர்கள்

(நமது அறக்கட்டளையின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

சற்று முன்பு ஆண்டுக் கணக்கை வாசித்தார்கள். மருத்துவ உதவி, படிப்புக்குக் கட்டணம், ஏழைக் குமர்களின் திருமண உதவி, ரமளான் அரிசி எல்லாம் அதில் இருந்தன. அல்ஹம்துலில்லாஹ், மனம் நிறைந்தது. அந்தக் கணக்கில் இன்னும் ஒரு செலவினம் சேர வேண்டும் என்று கேட்பதற்காகத்தான் இங்கே நிற்கிறேன். பிள்ளைகளின் வாசிப்புக்கும் கலைக்கும் என்று ஒன்று. தொகை சிறிதாக இருக்கட்டும். ஆனால் அது கணக்கில் இருக்க வேண்டும்.

"வீட்டில் அடுப்பெரியாதவர்கள் இருக்கும்போது கலைக்கு என்ன அவசரம்?" என்று சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லும் முன் நம் வீடுகளில் பெயர் தெரிந்த ஒரு நூலைப் பற்றிக் கொஞ்சம் பேசுகிறேன்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைத் தமிழில் காப்பியமாகப் பாடியது சீறாப்புராணம். விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்ரத்துக் காண்டம் என்று மூன்று காண்டங்கள், 5,027 பாடல்கள். பாடியவர் உமறுப் புலவர். நூல் பெயரும் புலவர் பெயரும் நமக்குத் தெரியும். அத்தனை பாடல்களையும் எழுதி முடிக்கும் வரை அவருக்குச் சோறு போட்டவர் யார் என்று நாம் கேட்பதில்லை.

உமறு எட்டயபுரம் அரண்மனைப் புலவர். அவருக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவர் கடிகைமுத்துப் புலவர். ஓர் இந்து ஆசிரியரிடம் பாடம் கேட்டு, ஓர் இந்து ஜமீனில் ஆதரவு பெற்று வளர்ந்த முஸ்லிம் புலவர் அவர். நபி வரலாற்றைப் பாடச் சொல்லி ஊக்கம் தந்தவர் கீழக்கரை வள்ளல் சீதக்காதி என்று வழிவழியாகச் சொல்லி வருகிறோம். அரபு நூல்களில் உள்ள செய்திகளைப் பெற உதவியவர் காயல்பட்டினத்தில் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்த சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்கள். பாடிக்கொண்டிருந்தபோதே சீதக்காதி மறைந்துவிட்டார். வேலை நின்றுபோகாமல் தாங்கியவர் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர். புலவர் நன்றி மறக்காமல் நூலுக்குள்ளேயே அவரைப் புகழ்ந்து பாடி வைத்திருக்கிறார்.

அப்படியும் நபிகளாரின் வாழ்க்கை முழுவதும் அதில் அடங்கவில்லை. மீதியைச் 'சின்னச்சீறா' என்ற பெயரில் பாடியவர் நம் பக்கத்து ஊரான காயல்பட்டினத்துப் பனீ அகமது மரைக்காயர். அதன் பிறகும் சீறா ஓலைச்சுவடியில்தான் கிடந்தது. 1842-ஆம் ஆண்டு அதை அச்சேற்றியவரும் ஒரு காயல்பட்டினத்துக்காரர்தான்: புலவர் நாயகம் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அவர்கள்.

எண்ணிப் பாருங்கள். ஆசிரியர், ஜமீன், வள்ளல், ஆலிம், வணிகர், அச்சேற்றியவர் என்று எத்தனை கைகள்! ஒரு கை விட்ட இடத்தில் இன்னொரு கை பிடிக்காமல் போயிருந்தால் இன்று சீறா நம் கையில் இருக்குமா?

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். சீதக்காதி புலவரை மட்டும் ஆதரித்தவர் அல்லர். பஞ்ச காலத்தில் பசித்தவர்க்குச் சோறு போட்டவர் என்றுதான் ஊர் வழக்கு அவரைச் சொல்கிறது. 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்ற பெயர் சும்மா வரவில்லை. ஏழையின் அடுப்பையும் புலவரின் ஏட்டையும் அவர் ஒன்றுக்கொன்று போட்டியாக நினைக்கவில்லை. நாமும் அப்படி நினைக்க வேண்டியதில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஜகாத் பணத்தை நான் கேட்கவில்லை. அது குர்ஆன் சொன்ன எட்டு வகையினருக்கு உரியது. அதில் யாரும் கை வைக்கக் கூடாது. நான் கேட்பது பொது நன்கொடையில் ஒரு சிறு பங்கு. எந்தக் கலை ஆகும், எது ஆகாது என்பதை ஆலிம்கள் வகுத்துத் தரட்டும். மஸ்ஜிதுந் நபவியில் ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் கவி சொல்ல நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மிம்பர் அமைத்துக் கொடுத்த செய்தி ஹதீஸ் நூல்களில் இருக்கிறது. நல்ல கவிஞருக்குப் பொது இடத்தில் மேடை கொடுப்பது நமக்குப் புதிதல்ல.

கலை என்றால் பாட்டும் கவிதையும் மட்டும்தானா? தாமிரபரணிக் கரையில் பத்தமடை இருக்கிறது. கோரையை ஆற்றுத் தண்ணீரில் ஊறவைத்து, நூல் போலக் கிழித்து, பட்டுப்போல் மடிகிற பாயை அங்கே நெய்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக அதை நெய்து வருபவர்கள் முஸ்லிம் குடும்பங்கள், பெரும்பாலும் பெண்கள். மாப்பிள்ளை, பெண் பெயரை நெய்து தரும் கல்யாணப் பாய்க்குப் பேர்போன ஊர் அது. நம் ஊர்க் கருப்பட்டிக்குக் கிடைத்தது போலவே அந்தப் பாய்க்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆனால் குறியீடு மட்டும் சோறு போடாது. நுட்பமான ஒரு பாய்க்குப் பல நாள் உழைப்பு வேண்டும். பிளாஸ்டிக் பாய் விலைக்கு அதைக் கேட்டால் அந்தத் தாய் தன் மகளுக்கு ஏன் அந்த வேலையைச் சொல்லிக் கொடுக்கப் போகிறாள்? நம் வீட்டு நிக்காஹ்களில் பிளாஸ்டிக் சாமான் கொடுப்பதற்குப் பதில் ஒரு பத்தமடைப் பாய் கொடுத்தால் அதுவும் கலைக்குச் செய்யும் உதவிதான்.

இன்று ஒரே சீதக்காதியை எதிர்பார்த்து நாம் உட்கார்ந்திருக்க முடியாது. எல்லாருடைய சிறு காசும் சேர்ந்ததுதான் இன்றைய வள்ளல். அரசும் அப்படித்தான் செய்கிறது. 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. அந்தச் சட்டப்படி நாம் கட்டும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது. அதாவது பொது நூலகத்துக்கு நீங்கள் ஒவ்வொருவரும் பணம் கட்டியிருக்கிறீர்கள்! பணம் கட்டிய கடையில் சாமான் வாங்காமல் வருவோமா? ஆனால் நம் பிள்ளைகளில் எத்தனை பேரிடம் நூலக உறுப்பினர் அட்டை இருக்கிறது?

2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. பேச்சு, கவிதை, ஓவியம், கைவினை என்று பலவற்றில் பிள்ளைகள் பள்ளி அளவில் தொடங்கி மாநில அளவு வரை போகிறார்கள். வகுப்பில் பேர் கேட்டால்கூடத் தலை குனியும் பிள்ளை, மேடையில் ஒரு பாட்டை மனப்பாடமாகச் சொல்லிவிட்டு இறங்கினால், மறுநாள் கணக்குப் பாடத்திலும் கையைத் தூக்குவாள். வகுப்பறையில் நான் கண்ட உண்மை இது. செய்யுளை வாய்விட்டுப் படிக்கும் பிள்ளைக்கு உச்சரிப்பு திருந்தும், சொல் பெருகும், பயம் போகும். படிப்புக்குக் கட்டணம் கட்டுகிறோம். அந்தப் படிப்பு நாவில் ஏறவும் உதவ வேண்டாமா?

ஆகவே நிர்வாகிகளிடம் மூன்று காரியங்களைக் கேட்கிறேன். ஞாயிறு அஸருக்குப் பின் ஒரு மணி நேரம் மதரஸா கட்டடத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிப்பு வகுப்பு. ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனித்தனியாக நடத்தலாம். சொல்லிக் கொடுப்பவருக்குக் கௌரவமாக ஒரு சம்பளம் கொடுக்க வேண்டும். சீறாவில் தொடங்கட்டும். இரண்டாவது, நம் உதவித்தொகை பெறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நூலக அட்டை. மூன்றாவது, பள்ளிப் போட்டிகளில் வென்று வெளியூர் போக வேண்டிய பிள்ளைக்கும், துணைக்குப் போகும் தாய்க்கும் பஸ் செலவு. கையில் காசில்லாததால் ஒரு மகளின் திறமை வீட்டோடு நின்றுவிடக் கூடாது.

பெற்றோர்களிடம் ஒன்று கேட்கிறேன். "படிப்பைக் கெடுக்கிறது" என்று சொல்லிப் பிள்ளையின் கையிலிருந்து வண்ணப் பென்சிலையும் கதைப் புத்தகத்தையும் பிடுங்காதீர்கள். நமக்குள் இன்னொரு உமறு பிறந்திருக்கலாம். அவருக்குச் சோறு போட்ட ஊர் என்ற பெயர் உடன்குடிக்குக் கிடைக்கட்டும்.

இந்த நல்ல காரியத்தில் நம் அனைவரின் உள்ளங்களையும் அல்லாஹ் ஒன்று சேர்ப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.