அயல்நாட்டுத் தொண்டில் அன்றாட இடறல்கள்
(பங்கின் பொன்விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் சற்று வேடிக்கையானது. தொண்டு செய்யக் கடல் கடந்து போகிறவர்களுக்கு நேரும் பெரிய ஆபத்துகளைப் பற்றிப் பலரும் பேசுவார்கள். நாமோ காலையில் எழுந்தது முதல் இரவு படுக்கும் வரை அவர்களுக்கு நேரும் சின்னச் சின்ன இடறல்களைப் பற்றிப் பேசுவோம். செவிலியராகவும் ஆசிரியராகவும் ஓரிரு ஆண்டுகள் வெளிநாட்டில் பணிபுரிய விரும்பும் இளைஞர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு இது பயன்படும்; ஊரிலேயே இருக்கும் நமக்கும் பயன்படும்.

முதல் இடறல் கடிகாரத்தால் வருவது. கிழக்கு ஆப்பிரிக்காவில், தான்சானியாவிலும் கென்யாவிலும், சுவாகிலி பேசும் மக்கள் சூரிய உதயத்திலிருந்து மணி எண்ணுகிறார்கள். நம் கடிகாரத்தின் காலை 7 மணி அவர்களுக்கு ‘ஸா மோஜா’, அதாவது ஒரு மணி. 9 மணி ‘ஸா தாத்து’, மூன்று மணி. நண்பகல் ‘ஸா சிதா’, ஆறு மணி. பூமத்திய ரேகைக்கு அருகில் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பொழுது விடிவதால் அந்தக் கணக்கு அங்கே பிசகுவதில்லை. பிசகுவது புதிதாக வந்தவருக்குத்தான். “மூன்று மணிக்குத் தடுப்பூசி” என்று கேட்ட செவிலியர், பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிற்பகல் 3 மணிக்குப் போய் நிற்பார். பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு காலை 9 மணிக்கே நடந்து வந்த தாய்மார் வெயிலில் காத்திருந்து திரும்பிப் போயிருப்பார்கள். செவிலியருக்கு அது ஊர் திரும்பியதும் சொல்லிச் சிரிக்க ஒரு கதை. அந்தத் தாய்க்கோ ஒரு நாள் வேலை போயிற்று. பிள்ளைக்கு ஓர் ஊசி தவறிற்று.

“இதென்ன கோணல் கணக்கு!” என்று நாம் சொல்ல முடியாது. நம் பாட்டன்மாரும் சூரிய உதயத்திலிருந்துதான் நாழிகை எண்ணினார்கள். 24 நிமிடம் ஒரு நாழிகை, 60 நாழிகை ஒரு நாள். அதை மறந்தவர்கள் நாம். ஆகவே அங்கே போகிறவர் தம் கடிகாரத்தைத்தான் திருத்திக்கொள்ள வேண்டுமே தவிர, அந்த ஊரின் சூரியனைத் திருத்த முயலக்கூடாது.

இரண்டாவது இடறல் வயிற்றால் வருவது. “தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள்” என்று பகலெல்லாம் போதித்த தொண்டர், மாலையில் ஒரு வீட்டில் அன்போடு நீட்டிய குவளையை மறுக்க மனமின்றி வாங்கிக் குடித்துவிட்டு இரவெல்லாம் அவதிப்படுவார். அப்பொழுது அவரைக் காப்பாற்றுவதும் அவர் கற்பித்த பாடமே: ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. பக்கத்து வீட்டு அம்மா அதைக் கலந்து கொண்டுவந்து கொடுக்கும்போது, யார் ஆசிரியர், யார் மாணவர் என்று சொல்வது கடினம்!

மூன்றாவது இடறல் நாவினால் வருவது. இதற்கு உதாரணம் தேடி ஆப்பிரிக்காவுக்குப் போகவேண்டியதில்லை. நம் முத்துக்குளித்துறையிலேயே இருக்கிறது. நவார் நாட்டில் பிறந்த புனித சவேரியார் 1542-ல் இந்தக் கடற்கரைக்கு வந்தார். இரு மொழியும் அறிந்தவர்களைக் கூட்டிவைத்து, செபங்களைத் தமிழில் ஆக்கி, மனப்பாடம் செய்து, மணியடித்துக்கொண்டு தெருத்தெருவாகக் கற்பித்தார். ஆனால் விசுவாசப் பிரமாணத்தில் ஒரு சொல் பிசகிவிட்டது. ‘விசுவசிக்கிறேன்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘எனக்கு வேணும்’ என்று இருந்தது! வேணும் என்பது ஆசை, விசுவாசம் வேறு என்று தெரிந்ததும் அவர் சும்மா இருக்கவில்லை. 1544-ல் தம் உடன் ஊழியரான மான்சிலாசுக்குக் கடிதம் எழுதி, இனி அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டாம், இந்தச் சொல்லைச் சொல்லுங்கள் என்று திருத்தினார். பிழை நேர்ந்ததில் வியப்பில்லை. தாம் கற்பித்த செபத்தையே திருத்தத் தயங்கவில்லையே, அதுதான் நாம் பாராட்ட வேண்டியது.

நான்காவது இடறல் பேனாவினால் வருவது. 1961-ல் அமெரிக்காவில் ‘அமைதிப் படை’ என்னும் தொண்டர் அமைப்பு தோன்றியது. அதே ஆண்டு அக்டோபரில், நைஜீரியாவின் இபடான் பல்கலைக்கழகக் கல்லூரியில் பயிற்சி பெற்றுவந்த ஓர் இளம் பெண், ஊரிலுள்ள நண்பருக்கு ஓர் அஞ்சலட்டை எழுதினார். இங்கே மக்கள் தெருவிலேயே வசிக்கிறார்கள், தெருவிலேயே சமைக்கிறார்கள் என்ற பாங்கில் அதில் எழுதியிருந்தார். அட்டை தபாலில் சேருமுன் கீழே விழுந்து, ஒரு மாணவர் கையில் கிடைத்துவிட்டது. பிரதிகள் பரவின, மாணவர்கள் கொதித்தெழுந்தார்கள். அப்பெண் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நாடு திரும்ப நேர்ந்தது. கெட்ட எண்ணத்தோடு எழுதியவர் அல்லர்; புதிய இடத்தைக் கண்டு திகைத்து எழுதியவர். ஆனாலும் நைஜீரியா விடுதலை பெற்று அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. தங்களைப் பிறர் எப்படிப் பார்க்கிறார்கள் என்பது அந்த மாணவர்களுக்குச் சிறிய செய்தி அல்ல. நாம் யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவர்களுக்கும் வாசிக்கத் தெரியும். இன்று அஞ்சலட்டைக்குப் பதில் கைப்பேசி இருக்கிறது. அது கீழே விழவேண்டிய அவசியமும் இல்லை.

அன்பர்களே! இத்தனை இடறலுக்கும் மருந்தாக சுவாகிலியில் ஒரு சொல் உண்டு: ‘போலே’. கால் தடுக்கினாலும், காய்ச்சல் வந்தாலும், பேருந்து சேற்றில் புதைந்தாலும், பார்க்கிறவர்கள் ‘போலே’ என்பார்கள். “இவரா என்னைத் தள்ளினார்? இவர் ஏன் வருத்தம் தெரிவிக்கிறார்?” என்று புதியவர் திகைப்பார். குற்றம் யாருடையது என்ற கேள்வியே அதில் இல்லை. உன் வருத்தத்தில் எனக்கும் பங்கு உண்டு என்பதே அதன் பொருள்.

நாம் “விருந்தும் மருந்தும் மூன்று நாள்” என்கிறோம். சுவாகிலிப் பழமொழியோ, விருந்தாளியை இரண்டு நாள் உபசரி, மூன்றாம் நாள் கையில் மண்வெட்டியைக் கொடு என்கிறது. மண்வெட்டி பிடிக்கத் தெரியாமல் பிடித்துப் பிள்ளைகள் சிரிக்கும்போது தாமும் சேர்ந்து சிரிப்பவர் அந்த ஊரில் நிலைப்பார். முகம் சுளிப்பவர் பெட்டியைக் கட்டுவார்.

போகிறவர்களுக்கு இவ்வளவு சொன்னோம். இருக்கிற நமக்கும் ஒன்று உண்டு. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்த பிள்ளைகள் இன்று நம் கட்டடங்களிலும் உணவு விடுதிகளிலும் உழைக்கிறார்கள். பேருந்து நிலையத்தில் பலகையைப் படிக்கத் தெரியாமல் திகைக்கிறார்கள். தமிழ்ச் சொல்லை மாற்றிச் சொல்லிவிட்டு நம் முகத்தைப் பார்க்கிறார்கள். நம் முன்னோர் ஓர் அயல்நாட்டாருக்குப் பொறுமையோடு தமிழ் சொல்லிக் கொடுத்தவர்கள். அந்த மரபில் வந்த நாம் இந்தப் பிள்ளைகளைப் பார்த்துச் சிரிப்பதோடு நின்றுவிடலாமா? பக்கத்தில் போய்ச் சரியான சொல்லைச் சொல்லிக் கொடுத்து, சரியான பேருந்தில் ஏற்றிவிடுவோம். கடல் கடக்காமலே செய்யக்கூடிய தொண்டு அது.