1815: ஓராண்டை அகலப் பார்த்தல்



பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழுலகம் பற்றிய இம்மாநாட்டுக்குத் தலைமை தாங்கும்படி என்னைப் பணித்த அமைப்பாளர்களுக்கு நன்றி. இத்தகைய அவைகளில் தலைமையுரை நூற்றாண்டு முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றி வருவது வழக்கம். நான் ஒரே ஓர் ஆண்டோடு நின்றுகொள்ள விரும்புகிறேன். அது 1815.

நம் வரலாற்று எழுத்து பெரும்பாலும் நெடுக்காகவே செல்கிறது. ஆசிரியர், அவர் மாணாக்கர், அவருக்கு மாணாக்கர், அரசர், அவர் மகன், பேரன், ஆதீனங்களின் குருபரம்பரை. இந்த நெடுங்கோடு நமக்கு வேண்டும். ஆனால் அதை மட்டும் பிடித்துக்கொண்டு போனால், தமிழர் வாழ்வைப் புரட்டிப்போட்ட காரணங்களில் பாதி நம் கண்ணில் படுவதில்லை. அவை தமிழ் பேசாத ஊர்களில், தமிழர் பெயரையே கேட்டறியாத மனிதரின் கையால் நடந்தவை. அவற்றைக் காண வேண்டுமானால் ஓராண்டைக் குறுக்கே வெட்டி, அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.

நாம் கூடியிருக்கும் இடத்திலிருந்தே தொடங்கலாம். ரூஜ் ஆறு ஒன்ராறியோ ஏரியில் கலக்கும் முகத்துவாரத்தில், பதினேழாம் நூற்றாண்டில் செனக்கா மக்களின் கனாட்செக்வயாகொன் என்னும் ஊர் இருந்தது. அங்கிருந்து வடக்கே, சிம்கோ ஏரியை நோக்கி, படகையும் சரக்கையும் தோளில் சுமந்து நடக்கும் பாதை ஒன்று சென்றது. நம் வீடுகள் பல அந்தப் பாதைக்கு அருகில் எழுந்தவை. 1815இல் ரொறன்ரோ என்ற பெயரில் நகரம் இல்லை. யோர்க் என்ற சிற்றூர் இருந்தது. 1813 ஏப்ரலில் அமெரிக்கப் படை அதைப் பிடித்து, சட்டமன்றக் கட்டடங்களை எரித்திருந்தது. அந்தப் போரை முடிக்கும் உடன்படிக்கை 1814 டிசம்பர் 24 அன்று கென்ட் நகரில் ஒப்பமானது. அமெரிக்க மேலவை அதை ஏற்றது 1815 பெப்ரவரி 16. ஏரிக்கரையில் பீரங்கிகள் ஓய்ந்தன.

சரியாக இரண்டு நாள் கழித்து, பெப்ரவரி 18 அன்று, கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் பிரித்தானியர் கையில் சிக்கினார். கண்ணுசாமி என்ற இயற்பெயர் கொண்டவர், மதுரை நாயக்கர் உறவுவழியில் வந்தவர். மார்ச் 2 அன்று கண்டி மண்டபத்தில் உடன்படிக்கை படிக்கப்பட்டது. அதன் வாசகத்தை இந்த அவையில் இருப்பவர்கள் ஒருமுறையேனும் முழுதாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பௌத்த சமயம் காக்கப்படும் என்கிறது, சித்திரவதையை ஒழிக்கிறது. அதே தாளில், மலபார் இனத்தார்க்குக் கண்டி நாட்டின்மேல் இனி எந்த உரிமையும் இல்லை என்றும், வீழ்ந்த அரசரின் ஆண் உறவினர்கள் அனுமதியின்றி அந்த நாட்டுக்குள் காலடி வைக்கக் கூடாது என்றும் எழுதியிருக்கிறது. அங்கே மலபார் என்பது நம்மவரை. அதே தாளின் அடியில் கண்டித் தலைவர் சிலரின் கையொப்பம் தமிழ் எழுத்தில் இருப்பதை வரலாற்றாசிரியர்கள் நெடுங்காலமாகச் சுட்டிவருகிறார்கள். ஒரு மொழியின் எழுத்தால் கையெழுத்திட்டு, அந்த மொழிக்காரரை வெளியே நிறுத்திய ஆவணம் அது. தீவின் இன உறவுகளைப் பற்றி 1956இலிருந்தோ 1948இலிருந்தோ பேசத் தொடங்குகிறவர்கள் இந்தத் தாளையும் மேசைமேல் வைத்துக்கொண்டு பேசுவது நல்லது.

அரசர் வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டு, 1832இல் அங்கேயே காலமானார். பாலாற்றங்கரையில் அவருடைய சமாதி இருக்கிறது. நம் கவனம் அரசரோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பின் நடந்ததே பெரிது. மலைநாடு கைக்கு வந்ததும் கொழும்பிலிருந்து கண்டிக்குச் சாலை போட்டார்கள். 1820களில் கோப்பித் தோட்டங்கள் தோன்றின. தமிழ்நாட்டிலிருந்து ஏழை எளியவர்களைக் கங்காணிகள் ஆள்கட்டிக் கொண்டுவந்தார்கள். அவர்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்தார்கள். வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். கோப்பி போய்த் தேயிலை வந்தது. மலையகத் தமிழர் என்னும் ஒரு மக்கள் உருவானார்கள். சுதந்திரம் வந்த 1948இலேயே அவர்களில் மிகப் பெரும்பாலோர் குடியுரிமை இழந்தார்கள். அரச உறவினர் சிலருக்குக் கண்டி நாட்டின் வாசலை அடைத்த அதே ஆண்டு, இலட்சக்கணக்கான தமிழ் உழைப்பாளிகளுக்கு அந்த நாட்டின் காட்டுப்பாதையைத் திறந்தும் விட்டது. அவர்கள் வழிவந்தவர்கள் இந்த அவையிலும் இருக்கிறீர்கள்.

ஏப்ரல் மாதத்துக்கு வருகிறேன். ஏப்ரல் 6, பவ ஆண்டுப் பங்குனி, வியாழக்கிழமை. திருச்சிராப்பள்ளிப் பகுதிச் சிற்றூர் ஒன்றில் சிதம்பரம் பிள்ளைக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பின்னாளில் திருவாவடுதுறை ஆதீன வித்துவானாகி, தலபுராணங்களும் பிள்ளைத்தமிழ்களும் அந்தாதிகளுமாகப் பாடிக் குவித்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவரே. அவர் வாயால் பாட்டைச் சொல்லிக்கொண்டே போக, எதிரே உட்கார்ந்த மாணாக்கர் எழுத்தாணியால் ஓலையில் எழுதிக்கொண்டே வருவார். நடுவில் யாரேனும் வந்தால் அவர்களோடு பேசிவிட்டு, விட்ட அடியிலிருந்தே தொடர்வாராம். இவற்றையெல்லாம் நாம் அறிவது, அவரிடம் படித்த உ.வே. சாமிநாதையர் 1933, 1934 ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வெளியிட்ட சரித்திரத்தால். ஆசிரியர் மறைந்தது 1876இல். அரை நூற்றாண்டுக்குப் பிறகும் கடிதம் தேடி, பழகியவர்களை விசாரித்து, அந்த வாழ்க்கையைக் கட்டியெழுப்பினார் ஐயர்.

அதே ஏப்ரல் 6 காலையில் கிழக்குச் சாவகத்தில் சாம்பல் விழத் தொடங்கியது. முந்தைய நாள் மாலை சும்பாவாத் தீவின் தம்போரா எரிமலை வெடித்திருந்தது. அப்போது சாவகத்தை ஆண்ட ராஃபிள்ஸின் அதிகாரிகள் அந்த ஒலியைப் பீரங்கி என்று எண்ணி யோக்யகர்த்தாவிலிருந்து படையை நகர்த்தினார்கள். ஆபத்தில் சிக்கிய கப்பல் ஏதோ இருக்கிறதென்று கடலோரம் படகுகளை அனுப்பினார்கள். ஏப்ரல் 10 மாலை, தமிழ்நாட்டில் சித்திரை பிறக்கும் தறுவாயில், மலை முழுவதுமாக வெடித்தது. பதியப்பட்ட வரலாற்றில் அதைவிடப் பெரிய எரிமலை வெடிப்பு இல்லை. 4,000 மீட்டருக்கு மேல் நின்ற மலை இன்று ஏறத்தாழ 2,850 மீட்டர். வெடிப்பிலும் அதைத் தொடர்ந்த பஞ்சத்திலும் பல்லாயிரம் பேர் மாண்டார்கள்.

மறு ஆண்டு கோடையே வரவில்லை. 1816 ஜூனில் கியூபெக்கில் பனி கொட்டியது. ஐரோப்பாவில் தானியம் விளையவில்லை. இந்தியாவில் பருவமழை பிறழ்ந்ததையும், 1817இல் வங்காளத்தின் ஜெசூரில் கிளம்பிய வாந்திபேதிக் கொள்ளைநோயையும் ஆய்வாளர் சிலர் இதனோடு இணைக்கிறார்கள். இந்த இணைப்பு இன்னும் விவாதத்தில் இருக்கிறது. சென்னை மாகாணத்து மழைக்குறிப்புகளையும் தஞ்சை, மதுரை வருவாய்க் கணக்குகளையும் 1815 முதல் 1818 வரை ஊர் ஊராகப் பார்த்தால், அந்த விவாதத்தில் தமிழ் ஆய்வாளர்க்கும் ஓர் இடம் கிடைக்கும்.

ஆனால் தம்போராவைப் பற்றி நான் இந்த அவையில் சொல்ல வந்தது வேறு. அந்த மலையடிவாரத்தில் வாழ்ந்த மக்களுக்கென்று ஒரு மொழி இருந்தது. சுற்றிலும் வழங்கிய மொழிகளோடு அதற்கு உறவில்லை. வெடிப்பில் அவர்களுடைய அரசு, ஊர்கள், மொழி எல்லாம் ஒருசேர அழிந்தன. எஞ்சியது ராஃபிள்ஸ் 1817இல் வெளியிட்ட சாவக வரலாற்று நூலில் அச்சான ஒரு சொற்பட்டியல்தான். ஐம்பது சொற்கள்கூட இல்லை. எண்ணுப்பெயர்களும் அன்றாடப் பெயர்களும் மட்டும். அவர்கள் எப்படித் தாலாட்டினார்கள், எதற்குச் சிரித்தார்கள், இறந்தவரை எப்படி அழுதார்கள் என்பதற்கு ஒரு வரி இல்லை. ஒரே வாரத்தில், இந்துமாக்கடலின் ஒரு பக்கத்தில் ஆயிரக்கணக்கான பாடல்களைத் தரப்போகும் குழந்தை தொட்டிலில் கிடந்தது. மறுபக்கத்தில் ஒரு மொழியே சாம்பலுக்குள் போயிற்று. மொழிக்காக இவ்வளவு இழந்த சமூகத்தினராகிய நாம் தம்போராவை அறியாமல் இருக்கக் கூடாது.

ஜூன் 18 வாட்டர்லூ. அதைப் பற்றி எழுதப்பட்டவை நூலகங்களை நிறைத்திருக்கின்றன. நான் கடந்து செல்கிறேன். எங்களுக்கு, குறிப்பாக யாழ்ப்பாணத்தார்க்கு, அந்த ஆண்டின் பெரிய செய்தி ஒக்டோபர் 23 அன்று மாசச்சூசெட்சின் நியூபெரிபோர்ட் துறையில் நிகழ்ந்தது. டிரையட் என்ற பாய்க்கப்பல் அமெரிக்க மிஷன் குருமாரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. அதில் ரிச்சர்ட்ஸ், வாரன், மெய்க்ஸ், டானியல் பூர் ஆகியோர் இருந்தார்கள். இதற்கு முன் 1812இல் கல்கத்தாவுக்கு வந்தவர்களைக் கிழக்கிந்தியக் கம்பெனி துரத்தியடித்தது. பிறகு போர் கடலை மூடியது. கென்ட் உடன்படிக்கைதான் வழியைத் திறந்தது. யோர்க் நகரத்துக்கு அமைதி தந்த அதே ஒப்பந்தம் தெல்லிப்பழைக்கும் வட்டுக்கோட்டைக்கும் ஆசிரியர்களை அனுப்பியது. கம்பெனியின் கைக்கு வெளியே, அரசின் நேரடி ஆட்சியில் இலங்கை இருந்ததால், கண்டியைக் கைப்பற்றிய அதே ஆளுநர் பிரவுன்றிக் அவர்களை அங்கே தங்க விட்டார்.

அதன் விளைவுகளை நீங்கள் அறிவீர்கள்: 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி, 1824இல் உடுவில் மகளிர் பள்ளி, 1841இல் உதயதாரகை, மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்த கிறீன் வைத்தியர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி.வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் அந்தச் செமினரியில் படித்தவர்களே. மதமாற்றமே மிஷனின் நோக்கம். அதை மறைக்கத் தேவையில்லை. அதை எதிர்த்து எழுந்த ஆறுமுக நாவலர் அச்சையும் பள்ளியையும் பிரசங்கத்தையும் தம் கைக்கருவியாக்கிக்கொண்டார். இரண்டு தரப்பும் சேர்ந்தே படிப்பை உயிராக மதிக்கும் ஒரு சமூகத்தை ஆக்கின. 1983க்குப் பிறகு அகதிகளாக இந்நாட்டில் வந்திறங்கியவர்கள் பெட்டியில் சான்றிதழ்களைப் பத்திரமாக வைத்திருந்ததற்குப் பின்னால் இந்தப் பழக்கமும் இருந்தது.

அந்த ஆண்டு பிறந்த இன்னும் சிலர்: ஜனவரியில் கிளாஸ்கோவில் ஜோன் ஏ. மக்டொனால்ட், இந்நாட்டின் முதல் பிரதமர். தொல்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து அவர்கள் நாவிலிருந்து தாய்மொழியைப் பறித்த வதிவிடப் பள்ளிகளை அரசின் கொள்கையாக்கியவரும் அவரே. மொழியைக் கொல்ல எரிமலைதான் வேண்டுமென்பதில்லை. நவம்பரில் ஜோர்ஜ் பூல், டிசம்பரில் ஏடா லவ்லேஸ். கணினியின் தருக்கத்துக்கு அடியெடுத்துக் கொடுத்தவர்கள் இருவரும்.

ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். அமெரிக்க மிஷனின் கடிதங்கள் ஹார்வர்டின் ஹவுட்டன் நூலகத்தில் இருக்கின்றன. ஒரு பகல் பயணத் தூரம். கொழும்புச் சுவடிக்கூடத்தில் கண்டி ஆவணங்களும் சென்னை எழும்பூரில் வருவாய்க் கணக்குகளும் உள்ளன. இவற்றைத் தனித்தனி அறைகளில் தனித்தனி ஆட்கள் படித்துவருகிறோம். மூன்று ஊர் மாணவர் மூவர் சேர்ந்து, ஒரே ஆண்டின் தாள்களை ஒரே மேசையில் விரித்துப் படிக்கும் திட்டம் ஒன்று இந்த மாநாட்டிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கான நிதியை இந்நகரத் தமிழ் வணிகர்கள் தரத் தயங்கமாட்டார்கள் என்று நம்புகிறேன். கேட்கும் பொறுப்பை நானே ஏற்கிறேன்.

மாநாட்டைத் தொடக்கிவைக்கிறேன். முதல் அமர்வு கண்டி உடன்படிக்கை பற்றியது. கட்டுரை படிப்பவர்கள் மேடைக்கு வாருங்கள்.